சின்னவளின் கால் முழித்துக்கொண்ட கதை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உன் மாமனும் உன் தங்கை வாலுவும் சுகம். எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற சுகம்தானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்த முறை ஒவ்வொருவரையும் மனதுக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் நீ கேட்டபோதெல்லாம் எங்களால் பாதிதான் சொல்ல முடிந்தது. நான் வாயைத் திறந்தால் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், அவள் பேச ஆரம்பித்தால் அழுகை முந்திக்கொள்ளும், இரண்டு பேரும் ஓய்ந்தால் உன் தங்கை போனைத் தூக்கிக்கொண்டு போய் உனக்குப் பக்கத்து மாடியில் இருக்கும் பூனையைக் காட்டிக்கொண்டிருப்பாள். போன வாரம் நீ கோபப்பட்டு, ஆரம்பத்திலிருந்து ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள், அப்போதுதான் என்னால் வேலையில் கவனம் வைக்க முடியும் என்றாய். நல்ல செய்தி ஒன்று கையில் வராமல் பேனாவைத் தொட எனக்கு மனம் வரவில்லை. நேற்று வந்தது. அதனால் கடையை உன் மாமன் தலையில் கட்டிவிட்டு, மாவு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தில் மாவு ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

நீ போன விடுமுறைக்கு வந்துவிட்டுக் கிளம்பினாயே, அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. காலையில் நானும் மாமனும் கீழே அடுப்பறையில் முதல் தட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டிருப்போம், வாலு மாடிப்படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகத் தேய்த்துக்கொண்டு இறங்கி வருவாள். அதை ஒரு விளையாட்டு என்றே நினைத்தோம். மாமன் அவளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுப்பான், நான் வண்டி வருது வழி விடுங்க என்பேன். இறங்கினதும் நேராக அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் முதுகைக் கொடுத்து, காலை நீட்டாமல் மடக்கியபடி உட்கார்ந்துகொள்வாள். ஏண்டி எழுந்து வரமாட்டேங்கிற என்று அம்மா கேட்டால், “நான் முழிச்சிட்டேம்மா, காலுதான் இன்னும் முழிக்கல” என்பாள். அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம் பெரியவளே. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பத்து மணிக்கு மேல் பார்த்தால் பழைய வாலுதான், தெருவில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடுவாள், கல்லாப் பெட்டி மேல் ஏறுவாள். அப்படி ஓடுகிற குழந்தைக்குக் காலில் ஏதோ இருக்கிறது என்று யார் நினைப்பார்கள். பள்ளியில் டீச்சர் ஒருநாள், தரையில் உட்காரச் சொன்னால் உட்கார மறுக்கிறாள், உட்கார்ந்தால் எழுந்திருக்க மறுக்கிறாள் என்று சொல்லி அனுப்பினார். அடம் என்று நினைத்து அம்மா கண்டித்தாள்.

ஒருநாள் அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அம்மா என்னைக் கூப்பிட்டாள். குரலைக் கேட்டதுமே கையைக் கூடக் கழுவாமல் ஓடினேன். இடது முழங்கால், நன்றாகப் பொங்கின பன் மாதிரி இருந்தது. தொட்டால் கதகதப்பு. வலிக்குதாடி என்றால் இல்லை என்கிறாள். வலது மணிக்கட்டிலும் லேசாக ஒரு மேடு. தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு விழுந்திருப்பாள் என்றார், அவரைக் குறை சொல்ல மாட்டேன், இவள் விழாத நாளே கிடையாது. மருந்து போட்டோம், கட்டுப் போட்டோம், வீக்கம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. அவரே பயந்து குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே மூட்டுகளுக்கென்று தனியாக ஒரு டாக்டரம்மா. உன்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள், வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி சிரிப்பாள். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, வாலுவைத் தன் மேசை மேல் உட்காரவைத்து, உனக்கு எப்ப வலிக்கும் என்று கேட்டாள். இவள் தலையை ஆட்டிக்கொண்டு, “வலிக்காது. காலு லேட்டா முழிக்கும், அவ்ளோதான்” என்றாள். டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்து, குழந்தை இதை எத்தனை நாளாகச் சொல்கிறாள் என்று கேட்டாள். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரித்த நாளிலிருந்து என்றேன். பிறகு டாக்டரம்மாவே சொன்னாள், நாங்கள் பத்துப் பக்கம் படித்துத் தெரிந்துகொள்வதை இவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள், காலையில் மூட்டு இறுகிப்போய் நேரம் ஆக ஆக இளகுவதுதான் இதன் அடையாளம் என்று. ஆனால் பெயர் சொல்லவில்லை. மூட்டுவாதமாக இருக்கலாம் என்றாள். இருக்கலாம்.

அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியேறிவிட்டது. ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், வேறு கெட்ட நோய் எதுவும் இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும் என்றார்கள். அந்த வேறு என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எல்லாம் சரியாக இருந்தாலும் வீக்கம் ஆறு வாரமாவது தொடர்ந்தால்தான் பெயர் வைக்க முடியுமாம், அதுவரை ஒரு சிரப்பைக் கொடுத்து அனுப்பினார்கள். நல்லது என்று சொல்லமாட்டார்கள், கெட்டது என்றும் சொல்லமாட்டார்கள், நடுவில் தொங்கிக்கொண்டிருந்தோம். நான் இரண்டு தடவை மாவில் உப்புப் போட மறந்தேன், வாடிக்கைக்காரர்கள் ரொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா அந்த நோயின் பெயரை வாயால் சொல்லவே மாட்டாள், ‘அது’ என்பாள். அதுவாக இருந்தால், அது இல்லாவிட்டால். உன் மாமன் மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி, மூட்டுவாதம் கிழடுகளுக்கு வருவது, பால் பல் விழாத பிள்ளைக்கு எங்கேயாவது வருமா, அந்தப் பொம்பளை டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அடுப்பிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். கோபமில்லை அது, பயம். அவனுக்குப் பயம் வந்தால் சத்தமாகத்தான் வரும் என்று உனக்குத்தான் தெரியுமே.

அதற்குள் கண்ணையும் பார்க்க வேண்டும் என்றார்கள். காலில் வீக்கம், கண்ணை எதற்குப் பார்க்கிறீர்கள் என்றேன். இந்த நோய் சில குழந்தைகளுக்கு வலியும் சிவப்பும் இல்லாமல் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமாம், வெளியே தெரிகிறபோது பார்வை கெட்டிருக்குமாம். பெரியவளே, இத்தனையிலும் நான் உள்ளுக்குள் உடைந்தது அந்த ஒரு இடத்தில்தான். வாலு ஒரு கருவியில் தாடையை வைத்துக்கொண்டு நின்றாள், எட்டவில்லை என்று காலுக்குக் கீழே பலகை போட்டார்கள். கண் டாக்டர் விளக்கை அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தார். அந்த இருட்டறையில் அம்மா என் சட்டைக் கையைப் பிடித்திருந்த பிடியில் தையலே விட்டுப்போயிற்று. இவள் என்னடா என்றால், “என் கண்ணு சீக்கிரமே முழிச்சிடும் டாக்டர், அத திட்டாதீங்க” என்கிறாள். அவர் சிரித்துவிட்டு நிமிர்ந்து, கண் இரண்டும் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்டிக்கொண்டே இருங்கள் என்றார். வெளியே வந்து அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு விட்டாள், அதுவரை விடவே இல்லை போல.

வீக்கம் போகவில்லை. அடுத்த முறை போனபோது டாக்டரம்மா இருக்கலாம் என்ற வார்த்தையை எடுத்துவிட்டாள். குழந்தைகளுக்கு வருகிற மூட்டுவாதம்தான், யாரும் செய்த தப்பில்லை, விழுந்ததாலோ சாப்பிட்டதாலோ வந்ததில்லை, உடம்பே தன் மூட்டுகளை வெளியாள் என்று நினைத்து அவற்றோடு சண்டை போடுகிறது என்றாள். நீ நம்பமாட்டாய், எனக்கு முதலில் வந்தது நிம்மதி. எதிரில் வந்து நின்றுவிட்டது, இனி பார்த்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி. முழங்காலுக்குள் ஊசி போட வேண்டும், மயக்கம் கொடுத்துத்தான் போடுவார்கள், பிறகு வாரம் ஒரு தடவை ஒரு மருந்து, தினமும் பயிற்சி. விட்டுவிட்டால் முழங்கால் மடங்கியபடியே நின்றுவிடலாம், ஒரு கால் மற்றதைவிட நீளமாக வளர்ந்துவிடலாம் என்றும் மறைக்காமல் சொன்னாள். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் மாமன் குதித்தான். மூட்டுக்குள் ஊசி போட்டால் கால் செத்துப்போகும், அவன் சிநேகிதனின் மாமியாருக்கு அப்படித்தான் ஆயிற்று, எண்ணெய் தேய்க்கிற ஒருவர் இருக்கிறார், மருந்தே இல்லாமல் சரிசெய்வார் என்றான். உண்மையைச் சொல்கிறேன், நானும் தடுமாறினேன். ஊசி என்றால் எனக்கே ஆகாது. அம்மாதான், இத்தனை நாள் பெயரைக்கூடச் சொல்லாதவள், பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள். “இவளுக்கு மூட்டுவாதம்டா. அது பேரு அதுதான். நாளைக்கு இவ காலு மடங்கினபடியே நின்னுபோச்சுன்னா உன் சிநேகிதனா வந்து நிமித்தப்போறான்?” என்றாள். அவள் குரல் உயரவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே ஊசிக்குச் சம்மதம் சொல்லிவிட்டோம்.

ஊசி போட்ட அன்று நடந்த ஒரு வேடிக்கை சொல்கிறேன். வேண்டவே வேண்டாம் என்றவன் விடியும் முன்பே குளித்துச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுநாற்காலி கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்று அவளைத் தோளில் போட்டுக்கொண்டான், நர்ஸ் வந்து வாங்குகிறவரை இறக்கவில்லை. உள்ளே போகும்போது வாலு நர்ஸிடம், நான் தூங்கும்போது கால் மட்டும் முழித்துக்கொள்ளுமா என்று விசாரித்துக்கொண்டே போனாள். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, கதவைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. வெளியே கொண்டுவந்தபோது உதடு காய்ந்து, முகம் வெளுத்து, கையளவு குருவி மாதிரி கிடந்தாள். கண் திறந்ததும் பசிக்குது என்றாள். மாமன் ரொட்டிப் பொட்டலத்தை அவசரமாகப் பிரிக்கப் போய்ப் பாதியைத் தரையில் கொட்டினான்.

இரண்டு மூன்று நாள் அதிகம் நடக்கவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள், தூக்கிக்கொண்டே திரிந்தோம். பிறகு ஒரு காலை, இன்னும் தெருவிளக்கு அணையவில்லை, நானும் மாமனும் அடுப்பறையில் இருந்தோம். அந்த அறைக்கு நேர் மேலேதான் அவள் படுக்கிற அறை. திடுதிடு என்று ஒரு சத்தம். தலைக்கு மேல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை. நான் எலி என்று நினைத்தேன், எலி அவ்வளவு கனமாக ஓடாது. மறுபடியும் திடுதிடு, திரும்பி வந்தது. மாமன் ரொட்டி எடுக்கிற நீளப் பலகையைப் பிடித்தபடி அப்படியே நின்றான், எனக்குக் கை மாவில் புதைந்திருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. மூன்றாம் தடவை ஓட்டம், நடுவில் ஒரு குதி, மேலே அலமாரிக் கதவு அதிர்ந்தது. எழுந்ததும் அசைய முடியாமல் கிடந்த பிள்ளை பெரியவளே, எழுந்ததும் ஓடுகிறாள். மாமன் மெதுவாக, “மாமா, அது அவதானே?” என்று என்னைக் கேட்டான். தலையை ஆட்டினேன். அன்றைக்கு முதல் தட்டு முழுக்கக் கருகியது. எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை, வந்த வாடிக்கைக்காரர்களுக்குக் காரணத்தைச் சொன்னேன், அந்தக் கருகின ரொட்டியையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதே, உன்னிடம் மறைக்கமாட்டேன். அந்த வார மருந்து மஞ்சள் நிறம், குடித்தால் அவளுக்குக் குமட்டும். கொஞ்ச நாளில் மஞ்சளாக எதைப் பார்த்தாலும் குமட்ட ஆரம்பித்தது, அம்மா மஞ்சள் டம்ளரை ஒளித்தாள், திரைச்சீலையை மாற்றினாள், என் மஞ்சள் சட்டை மாமனுக்குப் போய்விட்டது, அவன் அதை வெளியே போகும்போது மட்டும் போட்டுக்கொள்கிறான். மருந்து நாளன்று வீட்டில் ஒரு போர் நடக்கும். ஒருநாள் என் மேலேயே துப்பிவிட்டு, நீயே குடிப்பா என்று அழுதாள், நானும் குடிக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரைக் குடித்து முகத்தைச் சுளித்தேன், நடிப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். இப்போது டாக்டரம்மா நேரத்தை மாற்றி, குமட்டலுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறாள், பரவாயில்லை. பயிற்சி சொல்லித்தருகிற பையன் கெட்டிக்காரன், துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தச் சொல்கிறான், நீந்தவும் சொல்லியிருக்கிறான். மணிக்கட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது, வீட்டில் என்ன தொழில் என்று கேட்டான். பேக்கரி என்றதும் அவனுக்கு வாயெல்லாம் பல். கதகதப்பான மாவைவிட நல்ல பயிற்சி என்னிடம் எதுவும் கிடையாது, தினமும் பிசையச் சொல்லுங்கள் என்றான். ஆகவே இப்போது பெட்டி மேல் ஏறி நின்றுகொண்டு முதலாளியம்மா மாவு பிசைகிறாள். ஒரு சின்ன உருண்டையில் ஆரம்பித்தாள், இப்போது இரண்டு கையாலும் குத்திப் புரட்டுகிறாள். அதில் சுட்டதைத் தனித் தட்டில் வைத்து, இது நான் செஞ்சது, விலை அதிகம் என்கிறாள். கோணல்மாணலாக இருக்கும், முதலில் தீர்வது அதுதான்.

நேற்று டாக்டரம்மாவிடம் போனோம். முழங்காலை மடக்கினாள், நீட்டினாள், இரண்டு காலையும் அளந்தாள், மணிக்கட்டைச் சுழற்றினாள். பிறகு அவளையே கைகொடுக்கச் சொன்னாள். மாவு பிசைகிற கை இல்லையா, பிடித்த பிடியில் டாக்டரம்மா ஐயோ என்று கையை விட்டாள். வீக்கம் எங்கேயும் இல்லை, ரத்தமும் நன்றாக இருக்கிறது, கண்ணும் சுத்தம், நோய் அடங்கியிருக்கிறது என்றாள். மறுபடியும் தலைதூக்கலாம், தூக்கினால் மறுபடியும் அடக்கலாம், மருந்தை நாமாக நிறுத்தக்கூடாது, கண் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது என்றும் சொன்னாள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள், இவள் ஓடலாமா. “ஓடலாம், குதிக்கலாம், மரம் ஏறலாம். நீங்கதான் பின்னாடி ஓட முடியாம கஷ்டப்படப்போறீங்க” என்றாள். சாயங்காலம் கடையில் கூட்டம், வாலு வாடிக்கைக்காரர்களின் கால்களுக்கு நடுவில் புகுந்து புகுந்து ஓடுகிறாள், சூடான தட்டோடு வந்த அம்மா, “ஓடாதடி” என்று ஒரு கத்துக் கத்தினாள். கத்தினவள் அப்படியே நின்றுவிட்டாள். எத்தனை மாதமாயிற்று அந்தச் சொல் அவள் வாயில் வந்து. தட்டைக் கீழே வைத்தாள், மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள் சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. நான் கல்லாவில் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நீ படிப்படியாகக் கேட்டாய், எழுதிவிட்டேன். வேலைப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனில் அழுதாயே, வராமல் இருந்ததுதான் எங்களுக்குப் பலம், அதை மனதில் போட்டுக் குடையாதே. எங்கள் வீட்டுப் பெண் கப்பல் பட்டறையில் இரும்பைப் பற்றவைக்கிறாள் என்று வாலு ஆஸ்பத்திரியில் எல்லா நர்ஸிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், பாதியில் வந்து நின்றிருந்தால் அவள் மானம்தான் போயிருக்கும். போனில் அந்த நோயைப் பற்றித் தேடித் தேடிப் படிக்காதே, அதில் வருகிற குழந்தைகள் யாரும் நம் வாலு இல்லை. வேலையில் கண்ணாடி போடாமல் நெருப்புக்கு முன் நிற்காதே, ஒரு நிமிட வேலைதானே என்று நினைக்காதே, கண் டாக்டர் அறையில் நின்று வந்தவன் சொல்கிறேன். குளிருக்குக் காலுறை இரண்டாகப் போட்டுக்கொள். மாமன் உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னான், அந்தப் பொம்பளை டாக்டருக்கு எல்லாம் தெரியுமாம்.

நீ எடுத்த வேலை நல்லபடியாக முடியட்டும், உன் கை தொட்ட இரும்பெல்லாம் கடலில் நீடித்து நிற்கட்டும், உடம்புக்கு ஒரு குறையும் வராமல் நீ நிறைந்து வாழ வேண்டும், எங்கள் மூவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. விடுமுறைக்கு வரும்போது விமான நிலையத்தில் வெளியே வந்ததும் கைப்பெட்டியைக் கீழே வைத்துவிடு, காலை நன்றாக ஊன்றி நில். அவள் தூரத்திலேயே உன்னைப் பார்த்துவிடுவாள். ஓடி வந்து மோதுவாள், இப்போது வேகம் அதிகம்.

என்றும் உன்
அப்பா